அந்தச் சீழைச் சோதனைக்கு அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், நெல்லைச் சீமையின் அறுவை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வெடித்து வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன். வயிற்றைத் திறந்து சீழை எடுக்கும்போது அதில் கொஞ்சத்தைக் கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்புங்கள்.

எங்கள் ஊர் களக்காட்டுப் பக்கம். மகளுக்கு ஏழு வயது. முதல் நாள் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். சூட்டு வலியாக இருக்கும் என்று ஆச்சி விளக்கெண்ணெய் தடவினார். மெடிக்கலில் கொடுத்த சிரப்பை ஊற்றினோம். மறுநாள் ராத்திரி முழுக்க வலது காலை மடக்கிக்கொண்டு கிடந்தவள் விடியற்காலையில், “எம்மா, இப்ப வலிக்கல” என்றாள். நான் விளக்கேற்றிச் சாமி கும்பிட்டேன். குடல்வால் வெடித்ததும் வலி கொஞ்ச நேரம் அடங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சாயங்காலம் வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது. கார் பிடித்து நாங்குநேரி வழியாக டவுனுக்கு ஓடினோம்.

ஆபரேஷனை நன்றாகத்தான் செய்தார்கள். பிள்ளை உயிரோடு இருப்பது அந்த மருத்துவரால்தான், அதை மறக்க மாட்டேன். “ஒரு டம்ளர் சீழ் இருந்ததும்மா” என்றார். கிருமியைக் கொல்ல செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல் என்று இரண்டு மருந்து ஏற்றினார்கள். நான்காம் நாள் காய்ச்சல் திரும்பியது. ஸ்கேனில் பார்த்தால் உள்ளே மறுபடியும் சீழ். மருந்தை மாற்ற வேண்டும் என்றார்கள். எந்த மருந்து கேட்கும் என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டேன். “இதைப் போட்டுப் பார்ப்போம்” என்றார். அப்படியானால் ஆபரேஷனில் எடுத்த சீழில் என்ன கிருமி இருந்தது? அதைச் சோதனைக்கே அனுப்பவில்லையாம்.

கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அன்றைக்கே அனுப்பியிருந்தால், காய்ச்சல் திரும்பிய நாளில் முடிவு அவர் கையில் இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நாங்கள் பட்டது இதுதான். மாற்றிய மருந்து பிப்பெராசிலின்-டாசோபாக்டம், நாலரை கிராம் பாட்டில். வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். பதினெட்டுக் கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அதில் பாதிகூட வேண்டாம். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என் வீட்டுக்காரர் சீட்டோடு இறங்கிப் போய் வாங்கி வருவார். நர்ஸ் வேண்டியதை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைக் கொட்டுவார். நான் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு நாள் இப்படிப் போனது. காய்ச்சல் இறங்கவில்லை. அப்புறம் அதைவிட வீரியமான மெரோபெனம். அதற்குத்தான் அடங்கியது. அதையும் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

குடல்வால் வெடித்த எல்லோருக்கும் கல்ச்சர் தேவையில்லை என்று வெளிநாட்டு மருத்துவ வழிகாட்டு நெறிகள் சொல்வதை அறிவேன். மருந்துக்கு அடங்காத கிருமி பரவலாக இருக்கும் இடத்தில் எடுக்க வேண்டும் என்றும் அவையே சொல்கின்றன. நம் நாட்டுப் பெரிய மருத்துவமனைகளில் சோதித்த ஈ.கோலை என்னும் குடல் கிருமிகளில் பாதிக்கு மேல் செஃபோடாக்சிம் மருந்துக்கு அடங்குவதில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) அறிக்கைகள் காட்டுகின்றன. செஃப்ட்ரியாக்சோனும் அதே வகை மருந்துதானே?

எடுத்த எடுப்பிலேயே எல்லாப் பிள்ளைக்கும் மெரோபெனம் போடுங்கள் என்று கேட்கவில்லை. அப்படிப் போட்டால் நாளைக்கு அதுவும் கேட்காமல் போகும். சாதாரண மருந்து போதுமான பிள்ளைக்கு அதையே தைரியமாகத் தொடரவும் இந்தச் சோதனைதான் வேண்டும்.

மெடிக்கலில் முதல் நாள் சீட்டில்லாமல் கொடுத்தார்களே, அந்த சிரப்பைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். செஃபிக்சிம், அதுவும் கிருமிக்கொல்லி மருந்துதான். 2013-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட மருந்துகளுக்கு எச்1 என்ற பட்டியல் கொண்டுவந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டது. எந்தக் கடையில் யார் போய் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள்? ஊர் ஊராக இரண்டு நாள் மருந்து, மூன்று நாள் மருந்து என்று விற்றுக் கிருமியைப் பழக்கிவிட்டு, கடைசியில் பிள்ளையின் வயிற்றில் போட்டுப் பார்க்கிறோம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது சின்ன விஷயம். பஞ்சில் தொட்டு எடுக்காமல் ஊசிக்குழலில் உறிஞ்சி எடுத்த கொஞ்சம் சீழ், பிள்ளையின் பெயர் எழுதிய ஒரு குப்பி. 1965-லிருந்து மருத்துவக் கல்லூரி நடக்கிற ஊர் நெல்லை. தனியார் ஆஸ்பத்திரிகளின் முடிவுகளையும் அங்கே சேர்த்து, நம் பக்கத்துப் பிள்ளைகளின் கிருமிக்கு எந்த மருந்து கேட்கிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவை எல்லா மருத்துவர்களுக்கும் கொடுக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் கிருமியின் பெயரையும், கேட்ட மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். என் மகளின் சீட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

அம்பையிலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ அடுத்த பிள்ளை வரும்போது, தயவுசெய்து அந்தச் சீழைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
களக்காட்டுப் பக்கத்துத் தாய் ஒருத்தி