நைனி சிறையிலிருந்து வந்த தந்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

கன்னியாகுமரி 1956-இல் தமிழகத்தோடு சேர்ந்த நவம்பர் 1, குமரி இணைப்பு நாளுக்கு நீங்கள் போட்ட சிறப்புப் பக்கம் பார்த்தேன். இணைப்புப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணியின் படம் பெரிதாக வந்திருந்தது, சந்தோஷம். கீழே 'பதவி ஆசை துளியும் இல்லாதவர்' என்று ஒரு வரி. எங்கள் வீட்டில் தாத்தாவும் அவர் தம்பியும் சாகும்வரை இதற்காகத்தான் சண்டை போட்டார்கள். தாத்தாவுக்கு அவர் தெய்வம். சின்னத் தாத்தாவுக்கு நாகர்கோவில் வக்கீல், எம்.பி., அவ்வளவுதான். மனசுக்குள் இருந்ததை யார் கண்டது? காரியம் கைமீறும்போது ஒரு தலைவர் எங்கே நின்றார் என்பதைத்தான் நாம் பார்க்க முடியும்.

1954 ஆகஸ்ட் 11. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட நேசமணியின் கட்சியான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அறிவித்த விடுதலை நாள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பாட்டி அதை 'வெடி வச்ச அன்னைக்கு' என்பாள். மரச்சீனிக் கூடையைச் சந்தையில் போட்டுவிட்டு ஓடிவந்தாளாம். கூடை போனதைக் கடைசிவரை சொன்னாள். செத்தவர்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஜனத்தைத் தெருவுக்குக் கூப்பிட்டவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பார் சின்னத் தாத்தா. அதை என்னால் தள்ள முடியவில்லை.

அப்போது திருவிதாங்கூர்-கொச்சியை ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் ஆட்சி. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அலகாபாத் பக்கம் நைனி சிறையில் இருந்தார், உத்தரப் பிரதேசத்தில் பாசன வரி உயர்வை எதிர்த்ததற்காக. அங்கிருந்தே தந்தி கொடுத்தார்: சுட்டது தவறு, நம் ஆட்சி ராஜினாமா செய்ய வேண்டும். எதிர்க்கட்சி கேட்டால் அது வாடிக்கை. இவர் சொந்தக் கட்சியின் ஆட்சியை அல்லவா இறங்கச் சொன்னார்! சுட்ட இடங்கள் இருக்கிற விளவங்கோடு தாலுகாவில் அவருக்கு என்ன ஓட்டா இருந்தது? கட்சி கேட்கவில்லை, தாணுப்பிள்ளை இறங்கவில்லை. 1955 முடிவதற்குள் கட்சியே உடைந்தது.

உங்கள் பக்கத்தில் லோகியா பெயரே இல்லை. நாம் கேட்ட நெய்யாற்றின்கரையும் தேவிகுளம், பீர்மேடும் கிடைக்காமல் கேரளத்தோடு போனதற்கும் ஒரு வரி இல்லை. என் தங்கையைக் கட்டிக்கொடுத்த பாறசாலை நெய்யாற்றின்கரைத் தாலுகாதான். அவள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராது.

அடுத்த நவம்பரில் படங்களைக் கொஞ்சம் சின்னதாக்கி, அன்று சுடப்பட்டவர்களின் பெயர்களைப் போடுங்கள். லோகியாவுக்கு ஒரு மூலை போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், களியக்காவிளை