நிறம் குறைந்தால் நல்லது

சிங்கப்பூர்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. தம்பி மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே தேக்காவில் தீபாவளி விளக்குகள் போட்டுவிட்டார்கள். மாலையில் சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லை.

கொவிட் வந்து போனவரைப் பின்னால் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டிருந்தாய். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத்தானே, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2020 பிப்ரவரியில் இங்கே இரண்டு தேவாலயங்களில் தனித்தனியாகக் கொவிட் குழுமங்கள், அதாவது ஒரே இடத்தில் பலருக்குத் தொற்று, கிளம்பின. ஒன்றுக்கு வூஹானிலிருந்து வந்த பயணிகள் போயிருந்தார்கள். மற்றது எங்கிருந்து தொற்றியது என்று தெரியவில்லை. ஜனவரி 25 அன்று நடந்த சீனப் புத்தாண்டு விருந்துதான் இணைப்பு என்ற சந்தேகம் வந்தது. ஆனால் நடுவில் இருந்த தம்பதி அதற்குள் குணமாகியிருந்தார்கள். கிருமியின் மரபணுவைத் தேடுவதுதான் பிசிஆர் சோதனை; கிருமி போய்விட்டால் அது கைகொடுக்காது. ஊட்ரமில் உள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி அவர்கள் ரத்தத்தில், கிருமியை எதிர்க்க உடல் செய்துவைக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டியது, சங்கிலி பொருந்தியது. செய்தியில் பிசிஆர் கிட்டுக்குத்தான் புகழெல்லாம். என்னைக் கேட்டால் இந்த வேலை அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

இவ்வளவு சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம், அங்குள்ள வாங் லின்ஃபா பல ஆண்டுகளாக வௌவால் கிருமிகளையே ஆராய்ந்துவருபவர். முதல் நோயாளி தெரிந்தது ஜனவரி 23. மாத முடிவுக்குள் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துவிட்டார்கள்.

ஆனால் எதிர்ப்பொருள் கிருமியைத் தடுக்கிறதா என்று பார்க்க உயிருள்ள கிருமி வேண்டும், கிருமி வெளியே போகாதபடி கட்டிய பிஎஸ்எல்-3 என்ற உயர்பாதுகாப்பு அறை வேண்டும், நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் ‘சிபாஸ்’ என்ற சோதனை கிட் வந்தது. 2020 ஜூலையில் ஆய்வுக்கட்டுரை, நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அவசரகால அனுமதி. இதில் கிருமியே கிடையாது. கிருமி நம் செல்லைப் பற்ற உதவும் ஆர்பிடி என்ற புரதத் துண்டும், செல்லில் அது பற்றுமிடமான ஏஸ்2 புரதமும் மட்டுமே.

சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, பத்து மடங்கு நீர்க்கச் செய்து, நிறம் உண்டாக்கும் ஹெச்ஆர்பி நொதி ஒட்டிய ஆர்பிடியோடு சம அளவு கலந்து, 37 டிகிரியில் 30 நிமிடம் வை. ஏஸ்2 பூசிய தட்டின் குழிகளில் 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, அதே சூட்டில் 15 நிமிடம். குழிக்கு 260 மைக்ரோலிட்டர் வீதம் நான்கு முறை கழுவு. பிறகு நொதி பட்டால் நிறம் மாறும் டிஎம்பி கரைசல் 100 மைக்ரோலிட்டர், இருட்டில் 15 நிமிடம். வினையை நிறுத்தும் கரைசல் 50 மைக்ரோலிட்டர் விட்டதும், நிறம் எவ்வளவு என்று ரீடர் கருவியில் 450 நானோமீட்டர் ஒளியில் படி. எதிர்ப்பொருள் இல்லாத ஒப்பீட்டுச் சீரமான நெகட்டிவ் கண்ட்ரோல் 2.0, சாம்பிள் 0.5 என்றால் தடுப்பு 75 சதவீதம். 30 அல்லது அதற்கு மேல் என்றால் பாசிட்டிவ், அதாவது கிருமியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறது.

பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். எதிர்ப்பொருளை நிறத்தால் காட்டும் வழக்கமான எலைசா சோதனையில் நிறம் கூடினால் எதிர்ப்பொருள் அதிகம்; இதில் தலைகீழ். எதிர்ப்பொருள் ஆர்பிடியை மறித்துவிட்டால் அது குழியில் ஒட்டாமல் கழுவலில் போய்விடும், நிறம் வராது. அதனால் கழுவல் அரைகுறையானால் தங்கிப்போன நொதி நிறம் காட்டி, பாசிட்டிவைக் கூட நெகட்டிவ் ஆக்கிவிடும். கழுவியபின் தட்டைக் கவிழ்த்துத் தாளில் தட்டச் சொல். ரத்த அணு உடைந்து சிவந்த சீரத்தையும் எடுக்க வேண்டாம்; ஹீமோகுளோபினே நொதி மாதிரி வேலை செய்யும். பஃபர் கரைசலில் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு இருந்தால் நேரெதிர்: ஹெச்ஆர்பி முடங்கி எல்லாமே பாசிட்டிவாகத் தெரியும். ஒற்றை முனைப் பிப்பெட்டில் 96 குழியையும் நிரப்பினால் முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் நேரம் ஒத்துவராது. எட்டு முனைதான் சரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தட்டு அறைச் சூட்டுக்கு வராமல் ஆரம்பிக்கவே கூடாது.

ஒரு குறை உண்டு. முதல் கிட்டில் இருந்தது வூஹான் கிருமியின் ஆர்பிடி. ஓமிக்ரானில் அந்தத் துண்டே நிறைய மாறிவிட்டதால், பழைய கிட்டில் 90 சதவீதம் வந்தாலும் ஓமிக்ரானுக்குப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. அதே சமயம், துண்டை மாற்றிப் போட்டால் வேறு கிருமிக்கும் பயன்படும். அப்படித்தான் 2003இல் சார்ஸ் வந்து பிழைத்த எட்டுப் பேர் ஃபைசர் தடுப்பூசி போட்டபின், அவர்கள் ரத்தம் பல வகை கொரோனா கிருமிகளைத் தடுப்பதை 2021இல் கண்டார்கள். இங்கே அன்று சார்ஸ் 238 பேருக்கு வந்து 33 பேர் இறந்தார்கள்.

உங்கள் கல்லூரி ரீடரில் 450க்கான ஃபில்டர் இருக்கிறதா என்று பார்த்து எழுது. இருந்தால் சாதாரண எலைசா கிட்டை வைத்தே கழுவல் பயிற்சியை ஆரம்பித்துவிடலாம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
இளங்கோ