அடுத்த செயலமர்வைத் திருகோணமலையில் வையுங்கள்

விஞ்ஞான ஊடகவியல் செயலமர்வுகளையும் மாநாடுகளையும் ஒழுங்கு செய்வோருக்கு,

வணக்கம்.

என் மேசை லாச்சிக்குள் உங்கள் சான்றிதழ்கள் ஆறு கிடக்கின்றன. காலநிலை மாற்றம், டெங்கு, அனர்த்த முன்னெச்சரிக்கை, கொவிட், பிளாஸ்டிக், பிறகு இன்னொரு தடவை காலநிலை மாற்றம். ஆறும் கொழும்பு ஹோட்டல்களில் வாங்கியவை. ஒவ்வொன்றுக்கும் திருகோணமலையில் இரவு பஸ் ஏறி, விடியப்புறம் கோட்டையில் இறங்கி, பஸ் நிலையக் குழாயில் முகம் கழுவி, ஒன்பது மணி மங்கள விளக்குக்குப் போய் நின்றிருக்கிறேன். குறை சொல்ல இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் குறையும் இருக்கிறது.

அந்த ஆறு நாட்களிலும் எனக்கு உண்மையில் உதவியது ஒரு தேநீர் இடைவேளை. அதைச் சொல்ல, முதலில் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதக் காலை. நிலாவெளிப் பக்கமிருந்து போன். "தம்பி, கடல் உள்ள போயிட்டுது. கெதியா வாங்கோ." பேசியவர் எனக்கு நன்றாகத் தெரிந்த கடற்றொழிலாளி அண்ணை. மோட்டார் சைக்கிளில் பறந்தேன். வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் இடத்தில் பத்துப் பதினைந்து அடிக்கு ஈர மணல். பாசி பிடித்த கல்லெல்லாம் வெளியே தெரிந்தது. நாலைந்து பிள்ளைகள் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு படம் எடுத்து, 'கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம்' என்று நான்கு பந்தி எழுதி அனுப்பினேன். கொழும்பில் அதற்கு 'மீண்டும் சுனாமியா?' என்று தலைப்புப் போட்டார்கள். பதினொரு மணிக்குள் அது எல்லா வட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விட்டது. பெற்றோர் பள்ளிக்கூட வாசல்களில் நின்றார்கள். ஒரு அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்ததை நானே கண்டேன். பின்னேரம் கடல் தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. செய்தியைத்தான் திருப்பி எடுக்க முடியவில்லை.

அடுத்த வருடம் உங்கள் செயலமர்வு ஒன்றில், பற்றீஸ் தட்டோடு பக்கத்தில் நின்ற விரிவுரையாளர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்டைக்கு அமாவாசையா?" போனில் கலண்டரைத் தேடிப் பார்த்தேன். அமாவாசைதான். எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே அரை மீற்றர் அளவுதான் வித்தியாசம், அது அமாவாசையிலும் பூரணையிலும் கூடும், சரிவு குறைந்த கரையில் அந்த அரை மீற்றரே அடிக்கணக்கில் மணலைத் திறந்து காட்டும் என்றார். பிறகு சொன்னதுதான் என்னை உலுக்கியது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்ராவுக்கு அருகே கடலடி உடைந்தபோது எங்கள் பக்கம் நோக்கிய தளம் உயர்ந்தது, தாய்லாந்துப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. கிழக்கிலங்கைக்கு முதலில் வந்ததோ ஏறுகிற நீர். இங்கே கடல் பெரிதாக உள்ளே போனது அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில்.

யோசித்துப் பாருங்கள். கடல் சட்டென்று வழக்கத்துக்கு மாறாக உள்ளே போனால் ஓட வேண்டும், அதில் மாற்றமில்லை. உள்ளே போகாவிட்டால் பயமில்லை என்று எங்கள் சனம் நம்பியிருப்பதுதான் ஆபத்து. அந்த நம்பிக்கையை வருடா வருடம் டிசம்பர் 26 நினைவுக் கட்டுரைகளில் வளர்த்தவர்களில் நானும் ஒருவன்.

பன்னிரண்டு நிமிடப் பேச்சு. மணி அடித்ததும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே பவர்பொயின்டில் நிலையான அபிவிருத்தியின் பதினேழு இலக்குகளும் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தன. நான் நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் அந்த விரிவுரையாளரின் தொலைபேசி இலக்கத்தைக் குறித்து வைத்தேன். அதற்குப் பிறகு கடல் உள்ளே போனதாக எனக்கு மூன்று போன்கள் வந்துவிட்டன. மூன்று தடவையும் முதலில் அவருக்கு அடித்தேன். மூன்றும் செய்தியாக வரவில்லை.

நான் கேட்பது இதுதான். எங்கள் ஊர்க் கேள்வியை எங்கள் ஊரில், எங்கள் மொழியில் வைத்துக் கற்பியுங்கள். அப்புறம் எங்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மொழிபெயர்ப்பு ஹெட்போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். காதுக்குள் பேசும் அந்த மனிதர் பாவம், அவரும் என்ன செய்வார். ரிஸ்க்குக்கும் (பாதிப்பு வரும் வாய்ப்பு) 'ஆபத்து', ஹசார்டுக்கும் (பாதிப்பைத் தரக்கூடிய பொருள் அல்லது நிகழ்வு) 'ஆபத்து' என்றே வரும். ஒரு தடவை புள்ளிவிபர வகுப்பில் 'நம்பிக்கை இடைவெளி' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிண்ணியாவிலிருந்து வந்த நண்பர் அது மக்களுக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான இடைவெளி என்று நினைத்து இரண்டு பக்கம் குறிப்பெடுத்துவிட்டார். உயர்தரக் கணிதம் படித்திருந்த ஒருவர் 'நம்பிக்கை ஆயிடை' என்று விளக்கிய பிறகுதான், அது ஓர் எண்ணுக்கு இரண்டு பக்கமும் வைக்கும் எல்லை என்று எங்களுக்குப் புரிந்தது. இவற்றைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. அங்கே பிரயோக விஞ்ஞான பீடமும் உண்டு, தொடர்பாடல் வணிகக் கற்கைகள் பீடமும் உண்டு. மண்டபமும் வளவாளரும் ஒரே மதிலுக்குள்.

கேள்விகளுக்கும் இங்கே பஞ்சமில்லை. புல்மோட்டை மணலில் இல்மனைற், ரூட்டைல், சேர்க்கன் என்ற கனிமங்கள் இருப்பதை எழுதுகிறோம். அதே மணலில் கதிரியக்கமுள்ள தோரியம் அடங்கிய மொனசைற்றும் இருக்கிறது, அதை எப்படி அளப்பது, யாரிடம் கேட்பது என்று எங்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை. 1998இல் தெற்கிலும் மேற்கிலும் பவளப்பாறைகள் வெளுத்துச் செத்தபோது எங்கள் பக்கத்துப் பவளங்கள் பெருமளவு தப்பின. ஏன் தப்பின என்று நான் இதுவரை ஒரு கட்டுரை எழுதியதில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி இராவணன் கதை மட்டும் இருபது தடவை எழுதியிருக்கிறேன். எரிமலை இல்லாத நாட்டில் தண்ணீர் எப்படிச் சுடுகிறது என்று ஒருநாள் ஒரு சுற்றுலாப் பயணி கேட்டபோது திருதிருவென்று முழித்தேன். மழைநீர் நிலத்தடியில் ஆழமாக இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடாகி, வெடிப்புகள் வழியாக மேலே வருகிறது. அவ்வளவுதான். ஏழு கிணற்றுக்கும் ஆளுக்கொரு வெப்பமானியைக் கொடுத்து எங்களை அனுப்புங்கள், அரை நாளில் அளத்தல், பதிதல், ஒப்பிடுதல் எல்லாம் படித்துவிடுவோம். இராவணனும் கோபிக்க மாட்டார்.

டெங்குவை லேசாகச் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. 2017 தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் நோயாளராகப் பதிவாகினர். நான் தினமும் எண்ணிக்கை அனுப்பினேன், இன்று இத்தனை பேர், நேற்று இத்தனை பேர் என்று. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகக்கூடிய நேரம் என்ற ஒரு வரியை ஒருநாளும் எழுதவில்லை. எனக்கே அது தெரியாது. காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளைக்குச் சுகம் என்று நிம்மதியான வீடுகளுக்குள் நான் போய்ப் பேட்டி எடுத்திருக்கிறேன்.

உலக விஞ்ஞான ஊடகவியலாளர் மாநாடு 1992இல் டோக்கியோவில் தொடங்கி, 2015இல் சியோலுக்கும் 2023இல் கொலம்பியாவின் மெடயினுக்கும் போய்விட்டது. என்னை அங்கே அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. (அனுப்பினால் வேண்டாமென்றும் சொல்ல மாட்டேன்.) அந்த மாநாட்டின் பின்னால் இருக்கும் உலகச் சம்மேளனம், 2006 அளவில் ஆபிரிக்க, அரபு நாட்டுச் செய்தியாளர்களுக்கு வேறு ஒன்றைச் செய்தது. அனுபவமுள்ள ஒருவரிடம் சிலரை ஒப்படைத்து, தூரத்திலிருந்தே அவர்களின் செய்திகளைத் திருத்திக் கொடுக்க வைத்தது. ஆங்கிலத்தில் மட்டுமல்ல, பிரெஞ்சிலும் அரபிலும். எங்களுக்கும் அப்படி ஒருவர் ஆறு மாதம் இருந்தால் போதும். ஒருநாள் ஹோட்டல் செலவில் அது முடிந்துவிடும் என்று நினைக்கிறேன், கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது.

தலைப்புப் போடுகிறவர்களையும் கூப்பிடுங்கள். 'மீண்டும் சுனாமியா?' என்று எழுதியது நான் இல்லை. ஆசிரியபீடத்திலிருந்து ஒருவர் பக்கத்தில் இருந்து அதே பயிற்சியை எடுக்காவிட்டால், நான் கற்றது கொழும்புக்குப் போனதும் வெட்டுப்படும்.

பணத்தைப் பற்றியும் வெட்கப்படாமல் சொல்கிறேன். எங்களில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, வெளிவந்த செய்திக்குத்தான் காசு. இரண்டு நாள் உங்களோடு இருந்தால் இரண்டு நாள் உழைப்புப் போய்விடும். பஸ் காசு மட்டும் தந்தால் வருகிறவர்கள் கடைசியில் சான்றிதழ் சேர்க்கிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

திகதியை மேக்கும் செப்டெம்பருக்கும் இடையில் பாருங்கள். வடகீழ்ப் பருவக்காற்றில், பவளங்கள் இருக்கும் புறாமலைத் தீவுக்குப் படகு போகாது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், மூதூர், கிண்ணியா நண்பர்கள் ஜும்ஆவுக்குப் போக வேண்டும். பெண் நிருபர்கள் பொழுதுபடுவதற்குள் வீடு போய்ச் சேருகிற மாதிரி நான்கு மணிக்கு முடியுங்கள். தேநீர் இடைவேளையை ஒரு மணித்தியாலமாக வையுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலைப் பிரதேச நிருபர் ஒருவர்