கடிதத்தை வாசிக்க சர்வர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) கண் மங்கிய பெரியவர்களுக்கு வரும் கடிதங்களை இன்றும் நான்தான் படித்துச் சொல்கிறேன். நான் இல்லாத நேரத்தில் பேரப்பிள்ளைகள் அவற்றை இலவசமாக வாசித்துக் காட்டும் ஏதாவதோர் இணையத்தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அடையாள அட்டை எண், சேமநிதி இருப்பு, நீரிழிவு மாத்திரையின் அளவு எல்லாம் முன்பின் தெரியாத சர்வருக்கு, அதாவது எங்கோ இருக்கும் யாருடைய கணினிக்கோ, போகின்றன.

இதற்கு அவசியமே இல்லை. கைப்பேசியிலோ கணினியிலோ எழுத்தை வாசிக்கும் தமிழ்க் குரலை இறக்கி வைத்திருந்தால் பிரவுசரே வாசிக்கும். எழுத்து வெளியே போகாது. ஆனால் சில குரல்கள் அப்படியல்ல. எட்ஜ் பிரவுசரில் கனி, சூர்யா என்று மலேசியத் தமிழுக்கென்றே இரு குரல்கள் உண்டு. கேட்க இனிமைதான், ஆனால் மைக்ரோசாப்ட் சர்வரிலிருந்து வருபவை. செய்தி கேட்கலாம், மருத்துவமனைக் கடிதத்துக்கு வேண்டாம். வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் வாசித்தால் குரல் உள்ளேயே இருக்கிறது. இஸ்பீக் என்ற இலவச மென்பொருளின் தமிழ் இதில் தேறிவிடும், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தாலும்!

தங்களிடமும் ஒரு குறை உண்டு. ஞாயிறு பதிப்பை இணையத்தில் வெறும் படமாக ஏற்றுகிறீர்கள். இந்தக் குரல்களுக்குப் படத்தை வாசிக்கத் தெரியாது. கணினி படிக்கக்கூடிய யூனிகோடு எழுத்தாகவும் தாருங்கள். சிறுகதைப் பக்கத்தை மட்டுமாவது முதலில் மாற்றினால் என் மனைவி என்னை எதிர்பார்க்க மாட்டார்.

ஓய்வு பெற்ற கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்