தழுவல் கதைக்கு மூல ஆசிரியர் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த அறிவியல் சிறுகதையின் அடியில் 'ஆங்கிலக் கதையின் தழுவல்' என்று மட்டும் போட்டிருந்தீர்கள். எழுதியவர் பெயர் இல்லை, மூலத் தலைப்பும் இல்லை. இதே மூன்று சொற்களை நம்பித்தான் நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலை செய்தேன். மலேசியாவில் அப்போது இருந்த ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யூ.பி.எஸ்.ஆர். முடிந்ததும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கதை நேரம். உறவினர் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த இதழில் படித்த ஒரு கதையைச் சொல்வேன். அதன் அடியிலும் இதே மூன்று சொற்கள்தான். திபெத் மடத்துத் துறவிகள் கடவுளின் பெயர்களையெல்லாம் எழுதி முடிக்க முயல்கிறார்கள். கையால் எழுதினால் 15,000 ஆண்டுகள் ஆகும். கணினியை வரவழைக்கிறார்கள், 100 நாளில் வேலை முடிகிறது. முடியும் அந்த இரவில் வானத்து நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன.

அந்த இடம் வந்தால் வகுப்பில் ஒரு சத்தம் இருக்காது. மறுநாள் ஒரு பெண்பிள்ளை வந்து, "ராத்திரி லயத்து வாசல்ல நின்னு பார்த்தேன் டீச்சர், எல்லாம் அங்கேயேதான் இருக்கு" என்றாள்.

கணினி வருகிற கதை, ஆகவே ரோபோ, கணினிக் கதைகளுக்குப் பெயர்போன ஐசக் அசிமோவ் எழுதியது என்று நானே முடிவு கட்டினேன். கரும்பலகையிலும் அந்தப் பெயரையே எழுதிப்போட்டேன்.

போன தீபாவளிக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்து வைத்தார். 'கடவுளின் தொள்ளாயிரம் கோடிப் பெயர்கள்', 1953. எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பல்கலைக்கழகத்தில் இதே கதையை அசிமோவ் பெயரில் பேசி, பலர் முன்னால் திருத்தப்பட்டாராம். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் டீச்சர்" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அசிமோவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு, 1956இல் வந்த 'கடைசிக் கேள்வி'. அதிலும் கணினி, அதிலும் அணைந்துபோகும் நட்சத்திரங்கள். ஆனால் அது வெளிச்சம் பிறப்பதில் முடியும். இரண்டும் வேறு வேறு மனிதர்களின் உழைப்பு. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008இல் அங்கேயே காலமானவர். நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தவர் பெயரைத்தான் நான் விட்டுவிட்டேன்.

இனித் தழுவலோ மொழிபெயர்ப்போ எது வந்தாலும் மூல ஆசிரியர், மூலத் தலைப்பு, தமிழில் தந்தவர் மூன்றையும் கதையின் அடியிலேயே போடுங்கள். இரண்டு வரி இடம் போதும்.

இன்னொன்று. தோட்டம் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள். பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு, ஜொகூர் என்று போய்விட்டார்கள். கைப்பேசி எண் கிடைத்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். கிடைக்காதவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்த்தால்: பிள்ளைகளே, நட்சத்திரம் அணையும் கதை ஆர்தர் சி. கிளார்க் எழுதியது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்