சின்னத் துன்னுக்கு

சுங்கை சிப்புட்
ஜூன் 19

அன்புள்ள சின்னத் துன்னுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பிறந்தநாள் போய் மூன்று நாள் கழித்து எழுதுகிறான் பார் என்று திட்டாதே. மறக்கவில்லை. அன்றைக்கு முழுக்க உன் நினைப்புதான். தகராறே அதில்தான் வந்தது.

கோயில் மண்டபத்து வாசகசாலையில் வெள்ளைப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் சும்மாதானே இருக்கிறார் என்று, தினமும் 'வரலாற்றில் இன்று' எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பல நாள் யாராவது ஒரு ராஜா முடிசூடியிருப்பார், எங்கேயாவது கப்பல் மூழ்கியிருக்கும். எழுதிவிட்டுப் போய்ப் பசியாறிவிடுவேன். ஆனால் இந்த ஜூன் 16 இருக்கிறதே, பலகையில் இடமே போதவில்லை.

1919இல், பின்னால் மந்திரியாகி 'துன்' பட்டம் வாங்கிய சம்பந்தன் இதே ஊரில் பிறந்தது முதல் வரி. 1948இல், அவருடைய 29ஆவது பிறந்தநாள் அன்று காலை, சைக்கிளில் வந்த மூன்று பேர் எல்பில் ரப்பர் தோட்டத்து வாக்கர் துரையைச் சுட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் அல்லிசன் துரையும் அவருக்குக் கீழே இருந்த கிறிஸ்டியனும் செத்தார்கள். இரண்டே நாளில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க மலாயா முழுக்க அவசரகாலம். அது முடிந்தது 1960 ஜூலை 31இல். நீயும் நானும் நடக்கக் கற்றது அதற்குள்ளேதான். அப்புறம் 1963: துணி ஆலையில் வேலை பார்த்த வாலன்டினா தெரஷ்கோவா, 26 வயதில் தன்னந்தனியாக விண்வெளிக்குப் போய் பூமியை 48 முறை சுற்றினார். 1976இல் தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோ. கணக்குப் பாடத்தைக்கூட ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் படி என்றதை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. 12 வயது ஹெக்டர் பீட்டர்சனை ஒரு பையன் கையில் ஏந்திக்கொண்டு ஓடிவருகிற படம் உனக்கு நினைவிருக்கும். தமிழ்ப்பள்ளியில் காலம் தள்ளியவனுக்கு அந்த வரியில் பேனா கொஞ்சம் நின்றுவிட்டது.

அடியில் பொடி எழுத்தில், 'நம் சின்னத் துன் பிறந்தநாள்' என்றும் போட்டேன். விளையாட்டுக்குத்தான்.

பத்து மணிக்குப் பெரட்டுக்களத்து ஆயா வந்தார். எழுத்து தெரியாதே, "படிய்யா" என்றார். படித்தேன். "இம்புட்டும் ஒரே நாள்லயா?" என்று வாயில் கை வைத்துக்கொண்டார். துன் பிறந்த அன்றைக்கே துரையையும் சுட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். வருஷம் வேறு, தேதிதான் ஒன்று என்று விளக்கி எனக்குத் தொண்டை காய்ந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, "வருசமே வேறன்னா அப்புறம் என்னய்யா ஒரே நாளு?" என்றாரே பார்க்கலாம். எத்தனையோ பேருக்குப் பாடம் சொன்னவன், பதில் வரவில்லை.

அப்புறம் அவராகவே ஆரம்பித்தார். துரையைச் சுட்ட அன்றைக்கு அவருக்கு ஆறு வயது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறியக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாராம். அம்மா பாதி வெட்டில் காண்டா வாளியோடு ஓடிவந்திருக்கிறார். பாலை நிறுக்க ஸ்டோரில் ஆள் இல்லை. வாசலிலேயே வாளியில் உறைந்து, ரெண்டு நாள் லயத்து வீடெல்லாம் நாறியதாம். கொஞ்ச காலத்தில் லயத்தைச் சுற்றி முள்கம்பி. வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம்; கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அவருடைய அண்ணனைத் தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனான் என்று லாரியில் ஏற்றிப்போனார்கள். திரும்பவில்லை.

"என்ன தேதி ஆயா?" என்று கேட்டேன். "பால் நல்லா எறங்குன மாசம்" என்றார்.

அந்த மூன்று துரைமார்களும் பத்து காஜா கல்லறையில் இருக்கிறார்கள். ஜூன் வந்தால் அங்கே போய் மாலை வைக்கிறார்கள். வைக்கட்டும், அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 'பால் நல்லா எறங்குன மாசம்' என்று நான் எந்த நாளில் பலகையில் எழுதுவேன், சொல்லு. மூன்று நாளாக இதே யோசனை. பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

சரி, உன் வழக்குக்கு வருகிறேன். கடைசி வரியைப் படித்ததும் ஆயா சிரித்துவிட்டார். "அவனா? அவன் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள்ல பொறந்தான். பதினாலு வயசுல நான்தான் வெந்நீர் வச்சேன்" என்கிறார். தோட்டத்து ஆபீஸ் கிராணி பிறப்புப் பாரம் நிரப்பிய தேதியையே பிறந்த தேதியாகப் போட்டுவிட்டாராம். உன் அம்மாவும் கண்டுகொள்ளவில்லையாம். ஏன் கண்டுகொள்வார்? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நாமே தோட்டம் வாங்குவோம் என்று 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய துன் சம்பந்தனுடைய பிறந்தநாள் மகனுக்கு ஓசியில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்! இத்தனை வருஷம் நீ வாங்கித் தின்ற கேக்குக்கெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டும்.

மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 1631இல் மும்தாஜ் இறந்ததை எழுதினேன். ஆயா வந்து, "இன்னிக்கு யாரு?" என்றார். ஷாஜகானின் மனைவி, பதினாலாவது பிரசவத்தில் போய்விட்டார் என்றேன். "பாவம், பக்கத்துல வெவரமான பொம்பள ஒருத்தி இல்லாம போச்சே" என்று சொல்லிவிட்டுப் பூப்பறிக்கப் போய்விட்டார்.

உன் அக்காவிடம் பங்குனி உத்திரக் கதையைக் கேட்டு எழுது. ஆயாவுடைய அண்ணன் விஷயம் அவருக்கு ஏதாவது தெரியுமா என்றும் கேள். தீபாவளிக்கு வருவாய்தானே? வரும்போது பிறப்புப் பத்திரத்தை எடுத்துவா.

அன்புடன்,
தனபாலன்