லயத்து வீட்டு ரெக்சின் சோபாவுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலேசிய ரப்பர் தோட்ட வாழ்க்கையைக் காட்டும் கண்காட்சி எங்கு நடந்தாலும் தேடிப் போய்ப் பார்ப்பவன் நான். பால் வெட்டும் கத்தி, வாளி, பால் பிடிக்கும் மங்கு, மண்ணெண்ணெய் விளக்கு, அம்மிக்கல் எல்லாம் வரிசையாக வைத்திருப்பார்கள். லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) முன்கூடத்தில் கிடந்த, தோல் மாதிரி பூச்சுத்துணி போட்ட ரெக்சின் சோபாவை மட்டும் எந்தக் கண்காட்சியிலும் நான் பார்த்ததில்லை. எனக்கு இதில் ரொம்பவே வருத்தம்.

நான் வளர்ந்தது பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம் (2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆக்கிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது). கத்தியும் வாளியும் நிர்வாகத்தின் வேலைக்காக இருந்தவை. சோபா அப்படியில்லை, அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சம்பாதித்த காசில், டவுனில் சீனர் கடையில் மாதத் தவணைக்கு ஆசைப்பட்டு எடுத்தது. தீபாவளி நெருங்கும் நேரம் லோரியில் வந்து இறங்கியபோது லயமே கூடி நின்று பார்த்தது. கரும்பச்சை நிறம், முதுகில் குழிகுழியாகப் பொத்தான்கள். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கழற்ற அம்மா ரொம்ப நாள் விடவே இல்லை. மத்தியான வெயிலில் அரைக்கால் சிலுவாரோடு உட்கார்ந்து எழுந்தால் தொடை ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வரும், அப்படியும் அந்த இடத்துக்குத்தான் எங்களுக்குள் அடிதடி.

தாத்தா தேங்காய் எண்ணெய்த் தலையைச் சாய்க்கும் இடம்தான் முதலில் இறுகி வெடித்தது. ரெக்சின் என்று பிரிட்டனில் முதலில் செய்தது செல்லுலோஸ் பூசிய துணி, எங்கள் வீட்டுக்கு வந்தது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பூச்சு. அது இளக்கமாக இருக்க அதில் ஒரு எண்ணெய்ப் பொருளைக் கலப்பார்கள். வெயிலும் வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடும், அப்புறம் விறைத்து விரிசல் விடும். அப்பா சைக்கிள் டியூப்பை வெட்டி அந்த வெடிப்பில் ஒட்டினார். யார் எங்கே உட்கார்ந்தார்கள், குடும்பம் எதைச் சமாளித்தது என்பதெல்லாம் அந்த ஒட்டிலேயே தெரியும்.

தோட்டம் கைமாறி, சனம் அடுக்குமாடிக்குப் போனபோது, மாடிப்படியில் ஏற்ற முடியாது என்று எத்தனையோ சோபாக்களை லயத்திலேயே விட்டுவிட்டார்கள். இன்னும் யார் வீட்டிலாவது ஒன்று இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். வெயில் படாத இடத்தில் வைத்து ஈரத்துணியால் துடைத்தாலே போதும், பளபளக்கட்டும் என்று எண்ணெய் தடவ வேண்டாம். கண்காட்சி நடத்துகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கி, புதுத்துணி போடாமல், ஒட்டுப்போட்ட கோலத்திலேயே வாளிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டவாசி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்